காத்திருப்புப் பட்டியலில் பதினேழு

அந்தக் கல்லூரி ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால், வீட்டில் இரண்டு நாள் அழுகை, மூன்றாம் நாள் வசவு, நாலாம் நாள் பழைய சண்டை என்று எல்லாம் முறைப்படி நடந்து முடிந்திருக்கும். ‘வா’ என்று சொல்லியிருந்தால் இன்னும் சுலபம். கட்டடக்கலைக்கென்றே நடக்கும் அந்தக் கல்லூரி இரண்டையும் சொல்லவில்லை. மொத்தம் நாற்பது இடம், நாற்பதும் நிரம்பிவிட்டது, யாராவது வேண்டாமென்றால் உங்களைக் கூப்பிடுவோம், காத்திருப்புப் பட்டியலில் உங்கள் எண் பதினேழு, தங்கள் பொறுமைக்கு நன்றி என்று எழுதியிருந்தது. மகள் அப்போதுதான் உறையைக் கிழித்திருந்தாள். பொறுமையை ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் நன்றி.

அப்பா கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

“இது பாஸா, ஃபெயிலா?”

“ரெண்டும் இல்ல” என்றாள் அம்மா.

“அப்ப நடுவுல நிக்குது.” அப்பா லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நிற்பது பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. “ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுட்டா, உள்ள இருக்கறவன் எல்லாப் பட்டனையும் போட்டு அமுக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை மணி அடிச்சுட்டு உக்காரணும்.”

“உக்காந்தா?”

“நாங்க வருவோம்.”

“எப்ப வருவீங்க?”

“அது வழியில டிராஃபிக் எப்படின்னு பாக்கணும்.”

மகள் அழுகை வரும் என்று எதிர்பார்த்து, மரியாதைக்குக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றாள். வரவில்லை. வந்ததற்கு முகத்தையாவது கழுவிக்கொள்வோம் என்று கழுவினாள். வெளியே வந்தபோது அம்மா ஈர முகத்தைப் பார்த்துவிட்டு, “அழாதடி கண்ணு” என்று கட்டிக்கொண்டாள். அது குழாய்த் தண்ணீர் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா அவள் தோளில் சாய்ந்து நன்றாக அழுதுகொண்டிருந்தாள். அந்த வேலையாவது ஒருத்தருக்கு நடக்கட்டும் என்று மகள் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அப்பா விளையாட்டாக, “பதினேழு, காபி ஆறுது பார்” என்றார். பேர் ஒட்டிக்கொண்டது. இரண்டு வாரத்தில் பட்டியல் நகர்ந்து அவள் பதினாலானாள். பிறகு பதினொன்று. அத்தை வெளியூரிலிருந்து கூப்பிட்டு, காய்ச்சல் விசாரிப்பதுபோல “இப்ப எத்தனை இருக்கு?” என்பாள். வீட்டில் வாராவாரம் அவளுக்குப் பேர் மாறியது. படிப்பவர்களை அலைக்கழிக்க வேண்டாம், இங்கே அவள் பதினேழாகவே இருக்கட்டும்.

பதினேழுக்கு வலி இல்லை. வலி எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடம் மட்டும் தெரிந்தது. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள். டி.வி.யில் எல்லாரும் சிரித்த இடத்தில் கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். நாலு வருஷமாகக் கட்டடங்களாக வரைந்து தள்ளிய நோட்டுகளை அலமாரிக்கு மேலே வைத்தாள். தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றியிருந்தால்கூட நல்ல அறிகுறிதான். தோன்றவில்லை.

அம்மாவுக்குத்தான் பரபரப்பு. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். அவள் வாயில் மனிதர்கள் கிடையாது, பற்கள்தான். “இன்னைக்கு மேல் கடவாய்ப்பல் வந்து ஒரே சண்டை.” “முன்பல்லு டீச்சருக்குப் பையன் பொறந்திருக்கு.” போனில் கூப்பிட்டால் யார் எத்தனையாவது மணியில் எடுப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. முதல் மணியில் எடுப்பவன்தான் பிழைப்பான் என்பது அவள் கட்சி.

“போனைக் கைய விட்டு வெக்காத. குளிக்கப் போனா பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டு போ.”

ஆறு வாரம் பதினேழு முதல் மணியில் எடுத்தாள். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். இத்தனை சீக்கிரம் யாரும் எடுத்துப் பழக்கமில்லாத ஒருவன், என்ன விற்க வந்தோம் என்பதையே மறந்துபோய், “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டான். “இருக்கேன்” என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வைத்தார்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு கல்லூரியும் இருந்தது. வீட்டிலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தம். நில அளவையும் கட்டட அளவையும் சொல்லிக்கொடுக்கும் இடம். மற்றவர்கள் கட்டியதை அளக்கப் படிக்கலாம். கொஞ்சமும் யோசிக்காமல் ‘வா’ என்று எழுதியிருந்தது. அதனாலேயே வீட்டில் யாரும் அதை மதிக்கவில்லை. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பெரிய கல்லூரியின் பட்டியல் சனிக்கிழமை மாலை ஐந்துக்குத்தான் மூடும். அவர்கள் கூப்பிட்டாலும் ஒரிஜினலோடு அன்றே வர வேண்டும். ஒரிஜினல் ஒன்றுதான் இருக்கும், அதனால்தான் அதற்கு அந்தப் பேர்.

கடைசி வாரத்தில் அம்மாவின் மருத்துவமனையில் மத்தியான வேளைப் பெண் பிரசவ விடுப்பில் போக, “வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கு இங்க வந்து பாரு” என்று அம்மா பதினேழைக் கூட்டிப்போனாள். நாலு நாற்காலி, ஒரு மீன் தொட்டி, உள்ளே இருந்து மிஷின் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் காத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பத்திரிகையைப் புரட்டினார்கள். ஊசி போட்டு உதடு மரத்தவர்கள் வெளியே வந்து, ஒரு பக்கம் கோணிய வாயோடு அடுத்த தேதி கேட்டார்கள். பதினேழுக்கு அவர்கள் பேச்சு ஒரு தடவையிலேயே புரிந்தது. அம்மாவுக்கே ஆச்சரியம்.

மேஜை இழுப்பறையில் ஒரு நீல நோட்டு இருந்தது. ‘உடனே வருவோர்’ என்று அட்டையில் அம்மாவின் கையெழுத்து. டாக்டரிடம் தேதி கிடைக்க ஒன்றரை மாதம் ஆகும். யாராவது வராமல் போய் நாற்காலி காலியானால், இந்த நோட்டிலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டும். முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

திங்கட்கிழமை, வேலை பழக்க அம்மாவும் கூட இருந்தபோது, மூன்று மணிக்காரர் வரவில்லை. பதினேழு நோட்டைத் திறந்து ஒன்றாம் எண்ணுக்கு டயல் செய்தாள். அம்மா ஒரு விரலால் போனை அமுக்கித் துண்டித்தாள்.

“அவரையா? வேண்டாம்.”

“ஒண்ணாம் நம்பர் அவர்தானேம்மா?”

“‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’னு சொல்வாரு. அவர் கேட்டுச் சொல்றதுக்குள்ள டாக்டர் டீ குடிக்கப் போயிடுவாரு.”

“ரெண்டு?”

“வருவாரு. ஆனா நூறு கேள்வி கேப்பாரு.”

“மூணு?”

“அந்தம்மா போன வாட்டி என்னைப் பேசின பேச்சுக்கு, பல்லு தானா விழுந்தாத்தான் உண்டு.”

“நாலு?”

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். “நாலு யாருன்னு எனக்கே தெரியலயே. ஒன்பதைக் கூப்பிடு. எதிர் கட்டடம். செருப்புகூட மாட்டாம ஓடி வரும், தங்கமான பல்லு.”

ஒன்பது ஓடி வந்தாள். வெறுங்காலோடுதான்.

பதினேழு நோட்டை மூடவில்லை. “அம்மா, அந்தக் காலேஜ்லயும் இப்படி ஒருத்தங்க உக்காந்திருப்பாங்களா?”

“சேச்சே. அது பெரிய இடம். அங்கல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்” என்றாள் அம்மா. சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை, பேனா மூடியைத் தேடினாள். மூடி பேனாவில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அம்மா தன் வேளை முடிந்து இரண்டு மணிக்குக் கிளம்பிப் போனதும், பதினேழு முப்பத்தொரு பேரையும் வரிசைப்படி கூப்பிட்டாள். கோபத்தில் செய்தாள் என்று எழுதினால் கதைக்கு அழகு. ஆனால் கோபமெல்லாம் இல்லை. வேலை இல்லாத கைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். ஒரே குரலில் ஒரே வாக்கியம். “உங்க பேரு எங்க நோட்டுல இருக்கு. ஆனா இந்த மாசம் கூப்பிடுவோம்னு தோணல. வேற இடம் பாக்கறதுன்னா பாத்துக்குங்க.”

பதினோரு பேர் எப்போதோ வேறிடத்தில் பல்லைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். ஒருவர், “யாரு பல்லு? எந்தப் பல்லு?” என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள், “நிம்மதியா நம்பிக்கிட்டு இருந்தேன், கெடுத்துட்டியே பாவி” என்று வைத்தாள். நாலாம் எண் ஒரு பஸ் டிரைவர்.

“ஏழு மாசமா எடப்பக்கமா மென்னு பழகிட்டேன்மா” என்றார். “நடுரோட்ல உங்க போன் வந்தா எடுக்க முடியாதேன்னு, கண்டக்டர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அவனுக்கே இப்ப என் பல்லு மேல அக்கறை வந்துடுச்சு. சரி, யாரு உங்கள இப்படிக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க.”

“அதானே பாத்தேன்” என்றார் டிரைவர். “நல்லா இரும்மா.”

சாயங்காலம் அம்மா மருத்துவமனையைப் பூட்டச் சாவி கொடுக்க வந்தவள், நோட்டைத் திறந்து அப்படியே நின்றாள். பத்தொன்பது பேர் மேல் கோடு.

“என்னடி இது?”

“அவங்க வேண்டாம்னுட்டாங்கம்மா. நான் உண்மையச் சொன்னேன்.”

“உண்மையச் சொல்லவா உன்ன உக்கார வெச்சேன்? இந்த நோட்டை வெச்சுத்தாண்டி இருபத்திரண்டு வருஷமா அந்த நாற்காலி காலியில்லாம ஓடுது!”

“அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க.”

“இருந்தா என்ன? காத்துக்கிட்டு இருக்கறதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?”

பதினேழு மடியில் இருந்த போனைத்தான் ஒரு தடவை பார்த்தாள், பழக்கத்தில். அம்மா அதைப் பார்த்தாள். நோட்டை மூடி இழுப்பறையில் போட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள்.

அம்மா மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. கேட்பதற்குப் பதில் ஏதாவது செய்துவிடுவாள். அதுதான் ஆபத்து. புதன்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், மருத்துவமனை போனிலிருந்து அளவைக் கல்லூரியைக் கூப்பிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் தன்னிடம் கேட்டதை, ஊரார் குரலிலேயே கேட்டாள்.

“நாளைக்கு முடியாதுங்க. பொண்ணுக்குக் காய்ச்சல். திங்கக்கிழமை வெச்சுக்கலாமா?”

“திங்கக்கிழமை வாங்க, பாத்துக்கலாம்” என்றது மறுமுனை.

அம்மா வெற்றியோடு வீட்டுக்கு வந்தாள். “தேதி மாத்தியாச்சு! சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெரிய காலேஜுக்கு நீ ஃப்ரீ. அது வந்தா அது, வராட்டி திங்கக்கிழமை இது. ரெண்டும் நம்ம கைல.”

நாள் தவறியவர்களிடம் தினம் பத்துத் தடவை ‘பாத்துக்கலாம்’ என்று சொல்கிறவள் அவள். அந்த வார்த்தைக்குள் ஒன்றும் இல்லை என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் தன் பெண்ணுக்கென்று கேட்டபோது அது நிஜமான வாக்குறுதி மாதிரியே கேட்டது.

“சரிம்மா” என்றாள் பதினேழு. யோசித்திருக்கலாம். யோசிக்க உள்ளே ஆள் வேண்டுமே.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணி அது பாட்டுக்குப் போனது. வெள்ளிக்கிழமை காலை செய்தி வந்தது. குறித்த நேரத்தில் வராததால் உங்கள் இடம் விடுவிக்கப்பட்டது, நீங்கள் காத்திருப்புப் பட்டியலுக்கு மாற்றப்பட்டிருக்கிறீர்கள், உங்கள் எண் மூன்று, மீதமிருக்கும் இரண்டு இடங்கள் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு வரை வரிசைப்படி நிரப்பப்படும். இவர்களும் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

அப்பா கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். “இப்ப ரெண்டு லிஃப்ட்டும் நின்னுடுச்சு” என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான். அம்மா தோள்பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை, போனும் பண்ணவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவளே வராமல் போன முதல் நாள் அது.

“நான்தான் கெடுத்தேன்.”

“இல்லம்மா. நானும் சரின்னேன்ல.”

“திட்டேண்டி.”

பதினேழு முயன்று பார்த்தாள். வரவில்லை. “அப்புறம் திட்டறேன்” என்றாள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஒரிஜினல் ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மாவும் செருப்பை மாட்டினாள்.

“நீ வேண்டாம்மா. நீ வந்தா அவங்ககிட்ட வேற தேதி கேப்ப.”

திட்டில் இது சேர்த்தியா என்று தெரியாமல் அம்மா செருப்பைக் கழற்றினாள்.

அளவைக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கவுன்டர், அதற்கு எதிரே ஒரு பெஞ்சு. குமாஸ்தா தலையை எடுக்காமலே, “மூணாம் நம்பரா? ஒண்ணையும் ரெண்டையும் கூப்பிட்டாச்சு. அவங்க வரலைன்னாத்தான் உனக்கு. போன் வரும், வீட்ல இரு” என்றார்.

“இங்கயே இருக்கேங்க.”

“போன் பண்றோம்னு சொல்றேன்ல?”

“பண்ணுங்க. இங்கயே எடுத்துக்கறேன்.”

குமாஸ்தா இப்போது தலையை எடுத்தார். வீம்பு பண்ணுகிற பிள்ளைகளை, அழுகிற பிள்ளைகளை, மாமாவைக் கூட்டி வருகிற பிள்ளைகளை அவருக்குச் சமாளிக்கத் தெரியும். இந்த முகத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. மறுபடி குனிந்துகொண்டார்.

ஒன்பது மணிக்கு ஒன்றாம் எண் அப்பா, அம்மா, அண்ணன் சகிதம் வந்து ஒப்படைத்துவிட்டுப் போனது. மிச்சம் ஒரு இடம். பத்தடித்தது. பதினொன்று அடித்தது. வாசலில் ஒவ்வொரு நிழல் விழும்போதும் பதினேழு பார்த்தாள். ஒரு தடவை பால்காரர், ஒரு தடவை யாரோ கழிவறைக்கு வழி கேட்டார்.

பதினொன்று நாற்பதுக்கு அவள் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். பெரிய கல்லூரி.

“வாழ்த்துகள்” என்றது ஒரு பெண் குரல். “உங்க எண் இப்ப ரெண்டு.”

“இடம் இருக்குங்களா?”

“இடம் இல்ல. எண் ரெண்டு. பட்டியல் இன்னைக்கு முடியணும், ஆனா இன்னும் ஆறு வாரம் நீட்டிச்சிருக்காங்க. தொடர்ந்து பட்டியல்ல இருக்க விருப்பமா? ஆமா, இல்லன்னு சொன்னாப் போதும்.”

குரலுக்குப் பின்னால் இன்னொரு போன் அடிப்பது கேட்டது. கம்ப்யூட்டர் இல்லை, மேஜையும் ஆளும்தான். பதினேழு எதிரே பார்த்தாள். குமாஸ்தாவின் மேஜையில் ஒரே ஒரு விண்ணப்பம், இரண்டாம் எண்ணுக்காகத் திறந்து கிடந்தது. இன்னும் இருபது நிமிஷத்தில் அந்த ஆள் வந்துவிட்டால் இந்த இடமும் போகும். ஆமா என்று சொல்லி வைத்தால், கையில் ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போகும்போது ஆறு வாரமாவது கூட வரும். சொல்லி வைப்பதில் நஷ்டமே இல்லை. ஆறு வாரம், பிளாஸ்டிக் கவர், முதல் மணி.

“இல்ல” என்றாள்.

“புரியல. விருப்பம் இல்லையா?”

“இல்லைங்க. பேரை எடுத்துடுங்க.”

தட்டச்சு சத்தம். “காரணம் போடணும். வேற இடம் கிடைச்சுது, உடல்நலம், குடும்பச் சூழ்நிலை, மற்றவை. எது?”

“மற்றவை.”

“மற்றவைன்னா விவரம் எழுதணும். இல்லாட்டி அடுத்த பக்கம் போகாது.”

“காத்திருக்க முடியலன்னு போடுங்க.”

தட்டச்சு சத்தம் நின்றது. “இப்படி நான் போட்டதே இல்ல” என்றது குரல். பிறகு மெதுவாக மறுபடி தட்டியது. “போயிடுச்சு. சரி, அப்ப மூணு ரெண்டாகுது. வெக்கட்டுமா?”

“வைங்க.”

நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று பார்த்தாள். அடிக்கவில்லை. பெஞ்சில் ஒரே பக்கமாக உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது. அதை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

பன்னிரண்டு அடித்தது. குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பிறகு விதிப்படி போனை எடுத்து டயல் செய்தார். நாலு அடி தள்ளிப் பதினேழின் போன் அடித்தது.

“காத்திருப்பு எண் மூணுங்களா?” என்றார், போனுக்குள்.

“ஆமாங்க.”

“ஒரு இடம் காலியாயிருக்கு. எவ்வளவு நேரத்துல வர முடியும்?”

“எந்திரிச்சதும்” என்றாள். கால் உடனே எழவில்லை.

அவர் ஒவ்வொரு தாளாக எண்ணி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார். “திங்கக்கிழமை எட்டரைக்கு வகுப்பு. லேட்டா வராத.”

வெளிவாசலுக்கு வந்தபோது, ஒரு பெண் சாலையைக் குறுக்கே கடந்து ஓடிவந்தாள். மாரோடு ஒரு ஃபைல். மூச்சு வாங்க, “ஆபீஸ் எங்க?” என்றாள்.

“நீங்க ரெண்டாம் நம்பரா?”

“ஆமா. காலைல எட்டு மணிக்கே கூப்பிட்டிருக்காங்க. ஒரு வாரமா போனைக் கைலயே வெச்சிருந்தேன். இன்னைக்குத்தான் சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன். பன்னிரண்டு ஆயிடுச்சா? முடிஞ்சிடுச்சா?”

உள்ளே போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்திருக்கலாம். உள்ளே அந்த மனிதர் ‘பாத்துக்கலாம்’ என்று சொல்வார், இந்தப் பெண் திங்கட்கிழமை வரை அதை வைத்துக்கொண்டு தூங்குவாள்.

“முடிஞ்சிடுச்சுங்க” என்றாள் பதினேழு. “நான் மூணாம் நம்பர். உங்க இடம் எனக்குக் கொடுத்துட்டாங்க. உள்ள திங்கக்கிழமை வாங்கன்னு சொல்வாங்க. இடம் இருக்காது. வேற எங்கயாவது இருந்தா இன்னைக்கே போயிடுங்க.”

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று பதினேழு காத்திருந்தாள். திட்டவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்து, எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை பதினேழுக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை, போய்விட்டது. பதினேழு ஒரு படி இறங்கி, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மறுபடி மரத்தது. எழுந்திருக்கவில்லை.